பெயர் வைத்த முயல்கள்

முயலுக்குக் கேரட்டைவிடக் கேரட் இலைதான் பிடிக்கும். விசாரிக்க வந்த உங்களுக்கு இது தெரிந்திருக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நகோயாவில் பேராசிரியர் இஷ்ஷிகியின் எலும்பியல் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக முயல்களைப் பராமரிக்கிறேன். தேய்ந்த மூட்டில் குருத்தெலும்பை மறுபடி வளர்க்கும் பசை ஒன்றை அவர் கண்டுபிடித்தார். முட்டி தேய்ந்த முயலுக்கு அதை ஊசியில் ஏற்றுவோம். ஆறு வாரத்தில் முயல் பலகையைத் தாண்டினால் வெற்றி. தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் பிறகு கொன்று, முட்டியை வெட்டிப் பார்ப்பார்கள். ஆண்டுக்கொருமுறை ஊதுபத்தி ஏற்றி, மண்டியிட்டு, இறந்த முயல்களுக்கு நன்றி சொல்வோம். எத்தனை உயிர் என்று வாசிப்பது என் வேலை.

முயல்களுக்கு எண் மட்டும்தான், பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. நான் வைத்துவிட்டேன். பசை ஏற்றிய பிறகும் மோச்சி நொண்டியது. செம்பேவும் நொண்டியது. பலகையைப் பார்த்துவிட்டு இரண்டும் என்னைப் பார்த்தன. வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவற்றின் இடத்தில், கடையில் வாங்கிய முயல்களின் காதில் அதே எண்களை எழுதினேன். இப்படிப் பதினேழு.

"இத்தனை முயலை வச்சு என்னக்கா பண்றீங்க, சூப்பா?" என்றார் கடைக்காரர்.

"சேச்சே, ஆராய்ச்சிப்பா," என்றேன்.

கடை முயல்கள் பலகையைத் தாண்டின. ஒன்று பேராசிரியரின் தோளிலேயே ஏறிக்கொண்டது. அவர் கண் கலங்கினார். வெட்டிப் பார்த்தால் குருத்தெலும்பு புத்தம்புதிது. ஆறு மனிதர்களுக்குப் பசையை ஏற்ற அனுமதி வந்தது. அவர்களுக்கும் பட்டியலில் எண் மட்டும்தான்.

இந்த ஆண்டு நன்றிச் சடங்கு முடிந்தும் பேராசிரியர் எழுந்திருக்கவில்லை.

"இன்னுமா வேண்டிக்கிறீங்க, சென்செய்?"

"வேண்டுதல் முடிஞ்சு இருபது நிமிஷமாச்சு, நகுமோ சான். மடக்கின முட்டி நீள மாட்டேங்குது. ஒன்னாம் நம்பர் நோயாளி நான்தான்." பிறகு யோசனையோடு கேட்டார்: "முயலெல்லாம் பறந்துச்சே, எனக்கு மட்டும் ஏன் இப்படி? திங்கக்கிழமை இன்னும் நாப்பது பேருக்குப் போடணும்."

"உங்களுக்கு வயசாகுது, சென்செய்," என்று கைகொடுத்துத் தூக்கினேன்.

என் வீட்டில் ராத்திரியெல்லாம் டொக் டொக் என்று முயல்கள் தாவும் சத்தம் வருவதாகக் கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்து, நீங்கள் வந்தது செவ்வாய்க்கிழமை. அதற்குள் நாற்பது ஊசியும் போட்டாயிற்று.

முன்பே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் மோச்சியை வெட்டிப் பார்ப்பார்கள். அந்த நாற்பது பேரும் பட்டியலில் வெறும் எண்கள். பெயர் தெரிந்த எந்த உயிருக்கும் நான் தீங்கு நினைத்ததே இல்லை.