பணி ஓய்வுக்குப் பின்னும் 'ரெஃப்பு' என்றே அழைக்கப்படவிருக்கும் அய்யாவு அவர்களுக்கு

வெண்சீருடை வேந்தே! விசிலின் விளைநிலமே! கோடு கண்டால் குனிந்து பார்க்கும் கொள்கைக் குன்றே! குடவாசல் வட்டாரக் கபடிக் களங்களின் காவலரே! எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், திருமிகு அய்யாவு அவர்களே, வணக்கம்!

அடைமொழி இத்துடன் போதும். வாசிப்பவருக்கு மூச்சு வாங்குகிறது. தங்களை நேரே விளித்துப் பேசினால் நடுவில் எழுந்து திருத்தம் சொல்வீர்கள். எனவே, சற்று நேரம் தங்களை வேறு யாரோ போலப் பாவித்துப் பேச அனுமதி வேண்டுகிறோம்.

அய்யாவு சாருக்கு ஒரு சொல் ஆகாது: 'ரெஃப்பு'. அது காதில் விழுந்தால் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்.

"ரெஃப்ரின்னா, தீராத வழக்கைக் கடைசியா யார்கிட்ட கொண்டுபோறோமோ அவர். ஆட்டத்துக்கு ஒருத்தர்தான். ரெண்டு பக்கமும் நிக்கிறவங்க அம்பயர். புள்ளி எழுதுறவர் ஸ்கோரர். நீங்க விசில் வச்சிருக்கிறவனையெல்லாம் ரெஃப்புங்கிறீங்க! பஸ் கண்டக்டரும் ரெஃப்பா?"

இதைக் கணக்கு டீச்சர் கமருன்னிஸா தூக்கத்திலும் ஒப்பிப்பார். அத்தனை முறை கேட்டிருக்கிறோம்.

சொல்லின் பயன்பாடு அவரை இன்னும் எரிச்சலூட்டியது. ஜெயிக்கிறவன் அதை உச்சரிப்பதே இல்லை. தோற்கிறவன் வாயில்தான் அது வாழும். அதுவும் முன்னால் ஒரு 'யோவ்' இல்லாமல் வெளியே கிளம்பாது.

இந்தப் பொங்கலுக்கு நடந்த இறுதியாட்டத்தில் கோப்பை கொடுத்தவர் துரைராசு. அவர் மகன் நிதிஷுக்குத்தான் அய்யாவு சாரின் மகள் குந்தவையைப் பேசியிருந்தார்கள், நிச்சயம்தான் பாக்கி. நிதிஷ் ஒரு அணியில் ஆடுகிறான் என்று தெரிந்ததும், தனக்குப் பதில் வேறு ரெஃப்ரியைப் போடச் சொன்னார் சார். விழாக்குழு கேட்கவில்லை. ஆட்டத்துக்கு முன் துரைராசு வழக்கப்படி சாருக்குப் பொன்னாடை போர்த்தினார். நம் பக்கத்தில் பொன்னாடை போர்த்துகிறவர், தீர்ப்பையும் சேர்த்தே போர்த்திவிட்டதாக நினைப்பார்.

இரு அணியும் சமம். கடைசியாகப் பாடிப் போன நிதிஷ், ஓரக் கட்டத்துக்குள் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தான். எதிராளியைத் தொடாமல் அங்கே கால் வைத்தால் அவுட். தொட்டான் என்றார் ஒரு அம்பயர். தொடவில்லை என்றார் மற்றவர். இருவரும் நடுவே வந்து அய்யாவு சாரைப் பார்த்தார்கள்.

அவர் அந்தக் காலைப் பார்த்திருந்தார். இப்போது முதல் வரிசையில் மனைவி தர்மாம்பாள் கண்ணாலேயே கும்பிடுவதையும் பார்த்தார். கடைசியாக வழக்கு வந்து சேரும் ஆள் ரெஃப்ரி என்று ஊருக்கெல்லாம் விளக்கியது தான்தானே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. விசிலை ஊதினார். அவுட்!

"யோவ் ரெஃப்பு!" துரைராசு கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். "பொண்ணைக் குடுக்க மனசு வருது, ஒரு பாயிண்ட் குடுக்க வரலியா? இதுக்கு மேல என்னய்யா சம்பந்தம்?"

"ஊருக்கே தெரியாத கால், உங்க கண்ணுல மட்டும்தான் படணுமா?" தர்மாம்பாள் அழத் தொடங்கிவிட்டார்.

பதில் சொல்ல, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தவன் நிதிஷ்தான். "அப்பா, நான் யாரையும் தொடலை. மாமா சொன்னது சரி."

"நீ சும்மா இருடா!"

"சும்மா இருந்திருந்தா தோத்திருக்க மாட்டோமேப்பா. ஓரத்துல போய்க் கால் வச்சது நான்தானே?"

கூட்டம் சிரித்துவிட்டது. வேறு வழியில்லாமல் துரைராசுவும் சிரித்தார்.

தை முடிவதற்குள் கும்பகோணத்தில் நிச்சயதார்த்தம். துரைராசு தன் உறவினர் ஒவ்வொருவரிடமும் இவரை இழுத்துப்போய் நிறுத்தினார். "இவர்தான் நம்ம ரெஃப்பு. பெத்த பொண்ணுக்காகக்கூட விசிலை மாத்தி ஊத மாட்டார்." அய்யாவு சார் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்.

"அம்பயரைப் பத்தி அப்புறம் சொல்லலாம். இலை போட்டாச்சு, வாங்க," என்றார் தர்மாம்பாள்.

போய் உட்கார்ந்தார்.

பெருந்தகையீர்! தாங்களும் அம்மையாரும் நோய் அண்டாமல், நடை தளராமல், பேரப்பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து தங்களிடம் வழக்குக் கொண்டுவரும் காலம்வரையும், அதைத் தாண்டியும் நிறைவாழ்வு வாழ்க! அவர்கள் தங்களைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

என்றும் அன்புடனும், அவ்வப்போது அயர்ச்சியுடனும்,
ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்