ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாங்கோ

– அதுதான் பிரியா எனக்கு விளங்கேல்லை. போன மாசம் தமிழ்ப் பூசை நேரம் சேர்ச் கார் பார்க்கிலை கடைசி வரிசை வெறுமையாக் கிடந்தது. வெளியிலை குட்மேய்ஸ் தெரு முழுக்க எங்கட சனத்தின்ர கார். உள்ளுக்கு இடம் இருக்கேக்கை தெரு ஏன் அடைபட்டது?

– வாசல்ல நின்னது நீங்கதானே பெனிற்றா அக்கா? இடம் இல்லாதப்ப வந்த காருக்கு என்ன சொன்னீங்க?

– ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாங்கோ எண்டன்.

– எல்லாருக்குமா?

– பின்னை? இடம் இல்லை எண்டு முகத்துக்கு நேர சொல்ல ஏலுமோ? ஒருத்தர் எனக்குச் சித்தப்பா முறை, ஒருத்தர் பிள்ளையின்ர ஞானத்தகப்பன், மற்றவர் என்ர மனுசன் தலைவரா இருக்கிற பூசைக் கொமிற்றி ஆள்.

– அந்த வறுத்த கடலைய இப்படி மேசைல கொட்டுங்க. சிம்பிளா சொன்னா, இது வாசல். சுத்திட்டு வர்ற கார் புதுசா வர்ற காரோட இங்க முட்டிக்குது. முந்தின பூசைக்கு வந்தவங்க ஒவ்வொருத்தரா நெரிச்சு வெளிய வந்துட்டாங்க. ஆனா அவங்க விட்ட கடைசி வரிசைக்குப் போக யாருக்கும் வழியில்லை. உங்க கார் பார்க் நிறையல அக்கா, தொண்டை அடைச்சுக்கிச்சு.

– என்ர மாதாவே. அப்ப நான்தான் அடைச்சனான்.

– நீங்க மட்டுமில்லை. பெர்லின்ல பெரிய விமானப்படையே இதைத்தான் செஞ்சுது.

– நீ சுப்பர் மார்க்கெற் லொறிக்கு நேரம் போடுறனி. உனக்கு எதைக் கண்டாலும் லொறிதான். வாற ஞாயிறும் தெரு அடைபட்டா தமிழ்ப் பூசையை இஞ்சை வைக்க ஏலாது எண்டு பங்குச் சுவாமி சொல்லிப்போட்டார். அயல் வீடுகளிலையிருந்து அவ்வளவு முறைப்பாடு.

– அதனாலதான் சொல்றேன், கேளுங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ஜெர்மனிய ஜெயிச்சவங்க பங்கு போட்டாங்க. பெர்லின் சோவியத் பங்குக்கு நடுவுல மாட்டிக்கிச்சு, ஆனா அதோட மேற்குப் பாதி மட்டும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் கையில. நாற்பத்தெட்டுல சோவியத் ரோடு, ரயில், கால்வாய் எல்லாத்தையும் மூடிடுச்சு. ஊருக்குள்ள இருபது லட்சம் பேர்.

– அப்ப சண்டை பிடிக்க வேணும், இல்லாட்டி விட்டிட்டுப் போக வேணும்.

– எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. இங்க லண்டன்ல அப்ப வெளியுறவு அமைச்சர் பெவின். பதினோரு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டவர், வண்டி ஓட்டினவர். சண்டையும் வேண்டாம், ஊரை விடவும் மாட்டோம்னு உறுதியா நின்னார். அமெரிக்க அதிபரும் அதே முடிவு. மாவு, மருந்து, நிலக்கரி எல்லாம் விமானத்துல.

– நிலக்கரியோ?

– மூட்டை கட்டி! எனக்கு அதை நினைச்சாலே சந்தோஷமா இருக்கும். ஆனா ஆகஸ்ட்ல ஒரு நாள் மழை, கீழ வரைக்கும் மேகம். இறங்கின ஒரு விமானம் எரிஞ்சுபோச்சு. மத்ததெல்லாம் மேல சுத்துது. அந்தக் கூட்டத்துல, இந்த வேலை முழுக்கப் பொறுப்பா இருந்த தளபதியோட விமானமும் ஒண்ணு.

– என்ன, கதவு திறந்து கிடக்குது? ஆர் வானத்திலை சுத்துறது?

– இவர் வந்திட்டார். இஞ்சேருங்கோ, அந்தக் கடலையைத் தின்னாதேங்கோ. அது கார்.

– நான் தின்னுறது ஆற்றை கார்? மரியநாயகியின்ரயோ?

– பாத்தியே பிரியா? போன கொமிற்றித் தேர்தலிலை மரியநாயகி அக்கா தோத்து இவர் தலைவரா வந்ததிலையிருந்து ரெண்டு பேரும் கதைக்கிறதில்லை. கார் பார்க்கிலை அவ மன்னார் ஆக்களுக்கு இடம் பிடிக்கிறா, இவர் யாழ்ப்பாண ஆக்களுக்குப் பிடிக்கிறார்.

– அவ பிடிச்சா நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ, விளங்குதோ? சரி தங்கச்சி, தளபதி என்ன செய்தவர்?

– சுத்திட்டிருந்த எல்லாரையும் திருப்பி அனுப்பினார் கிறிஸ்துராஜா அண்ணா. அன்னிலேர்ந்து ஒரே விதி. இறங்க ஒரு தடவைதான் முயற்சி. தவறினா சரக்கோட வந்த வழியே திரும்பணும், அடுத்த வரிசைல வரணும். யாரும் சுத்தக்கூடாது, பெரிய அதிகாரியா இருந்தாலும். அதுக்கப்புறம் வரிசை உடையவே இல்லை. அடுத்த வருஷம் மூடினவங்களே ரோட்டைத் திறந்துட்டாங்க.

– தளபதியும் திரும்பினவரோ?

– இல்லைண்ணா. மத்தவங்களை அனுப்பிட்டு அவர் இறங்கினார். கீழ போய்ச் சரிபண்ணணும்ல.

– பாத்தியே பெனிற்றா, தலைவர் இறங்கினவர்! தலைவர் எண்டு எனக்குக் கார் விட வாசலடியிலை ஒதுக்கி வைச்ச இடம் பிழையில்லை.

– சிரிக்காதேங்கோ. இந்தப் பூசைக்கு எத்தினை வருசம் பிஷப் வீட்டுக்கு நடந்தனீங்கள்? ஒரு ஞாயிறிலை போயிடும். விதி எனக்கு விளங்குது. இடம் இல்லையெண்டா ரயில் ஸ்ரேசன் கார் பார்க்குக்குப் போய், நடந்து வர வேணும். ஆனா அதை வாசலிலை நிண்டு ஆர் சொல்லுறது? நான் சொன்னா மரியநாயகி அக்காவின்ர சனம் கேளாது. அவ சொன்னா எங்கட சனம் கேளாது.

– நான் வேணா நிக்கட்டுமா? எனக்கு இங்க சித்தப்பா பெரியப்பா யாரும் இல்லை.

– உன்னை ஆருக்குத் தெரியும் தங்கச்சி? ஹோன் அடிச்சுக்கொண்டு உள்ளுக்கு வந்திடுவினம்.

– அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்கோ, இஞ்சேருங்கோ.

– யோசிக்கிறன். அந்தத் தளபதி கெட்டிக்காரன். ஆனா அங்கை அவர் ஒராள்தான் தளபதி, விளங்குதோ? இஞ்சை ரெண்டு பேர். நான் இறங்கிப்போட்டு அவவைத் திருப்பினா, அது சண்டை.

– அப்ப என்ன செய்யப் போறியள்?

– ஞாயிறு வாசல் பொறுப்பை மரியநாயகியிட்டைக் குடுப்பம். நான் இப்ப அவவுக்குப் போன் எடுக்கிறன். இடம் முடிஞ்ச பிறகு முதல் வாற கார் என்ரயா இருக்கும். எல்லாரும் பாக்க அவ என்னை ஸ்ரேசனுக்குத் திருப்பி அனுப்பட்டும்.