கிணற்றில் விட்ட கவர்

"கவரைக் கிணத்துலயா போட்டீங்க, மச்சான்?"

திருச்சி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தபோது நார்த்தாமலை தாண்டியிருந்தது. கேட்டவர் கண்ணாடி போட்ட இளைஞர். பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர், ஒரு சின்னத் தகர டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஆமா. பாட்டனார் ஜெர்மனியிலருந்து அனுப்புன கவர் மேல அரபுல அல்லா பேரு எழுதியிருந்தாரு. ஸ்டாம்ப நனைச்சு எடுக்கையில கவர் கிழிஞ்சிருச்சு. அந்தப் பேரு கால்ல மிதிபடலாமா? பள்ளிவாசல் கிணத்துல விட்டுட்டேன்."

"பழைய ஜெர்மன் ஸ்டாம்ப பிற்காலத்துல திரும்பவும் அச்சடிச்சு வித்திருக்காங்க மச்சான். போலியும் நெறைய. தபால் முத்திரை பாதி ஸ்டாம்புல, பாதி கவர்ல விழுந்திருக்கும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பழைய ஸ்டாம்பு வாங்குற திருச்சிக்காரரு அசல்னு நம்பி வாங்குவாரு."

"ஸ்டாம்புல பாதி முத்திரை இருக்குல்ல?"

"பாதிய யாரு வேணாலும் குத்திரலாம்."

பெரியவர் டப்பாவைத் திறந்து உள்ளே இருந்த ஸ்டாம்பைப் பார்த்தார். காற்று வந்ததும் பதறி மூடினார்.

"உள்ள இருந்த லெட்டர் எங்க?" என்றார் இளைஞர்.

"அது எப்பவோ கரையான் அரிச்சுப் போச்சு."

கீரனூரில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள். பஸ் கிளம்பியதும் பெரியவர் சொன்னார்.

"வாங்காட்டிப் போகுது. கப்பல்ல சமைக்கப் போன பாட்டனார் திரும்பி வரவே இல்ல. அங்கிட்டுப் போய்ச் சேந்தாருங்குறதுக்கு எங்க வீட்டுல இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் போலின்னு சொல்லிருவாரா?"

பெரியவர் டப்பாவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மாப்ளே, அவருகிட்டக் காட்டாமலே திரும்பிருவமா?"