லேப்டாப் அன்று அணையவில்லை

என் பெயரும் இப்போது தங்கியிருக்கும் முகவரியும் என் வேண்டுகோளின்படி தனித்தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. வயது முப்பத்து மூன்று. தொழில் தையல். விசாரணை அதிகாரி அம்மா கேட்க, நான் சொன்னது பின்வருமாறு.

என் கணவர் வெளியூரில் லிஃப்ட் பராமரிப்பு மேற்பார்வையாளர். சனிக்கிழமை மாலை வருவார், திங்கள் காலை கிளம்பிவிடுவார். பிள்ளைகள் இல்லை. கடந்த செவ்வாய்க்கிழமை காலை என் அண்ணன் வீடு புகுந்து என்னைக் கடத்திச் சென்றதாக அவர் புகார் கொடுத்ததன்பேரில், வேன் ஓட்டுநரான என் அண்ணனை நேற்று முதல் இந்த நிலையத்தில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு நானே வந்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் கணவர் தன் பழைய லேப்டாப்பைக் கூடத்து மூலையில் வைத்து, வாசல் கதவும் சமையலறை வாசலும் என் தையல் மிஷினும் தெரியும்படி அதன் கேமராவைத் திருப்பினார். நான் தனியாக இருப்பதால் பாதுகாப்புக்கு என்றார். எங்கிருந்தாலும் அவர் செல்போனில் பார்க்கலாம், பார்க்காத நேரத்தையும் லேப்டாப் தனக்குள் பதிவு செய்துகொள்ளும். அதை மூடக் கூடாது, அணைக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. பத்து நிமிடம் நான் கண்ணில் படாவிட்டால் போன் வரும். குளிக்கப் போகும்போது அதனிடம் சொல்லிவிட்டுப் போகப் பழகிக்கொண்டேன். கீழ்வீட்டு அக்கா, "மாமியார் இல்லாத வீடுன்னு பேரு, மூலையில ஒண்ணு உக்காந்திருக்கே" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், உள்ளே போய் அழுதேன்.

அதன் பிறகு மூன்றாவது மாதம், நல்ல வெயிலில், லேப்டாப் இரைந்து இரைந்து தானாகவே அணைந்துவிட்டது. நான் படியிறங்கித் தெருமுனை வரை போய், எதுவும் வாங்காமல் அங்கே நின்றுவிட்டுத் திரும்பி வந்து, அது ஆறிய பின் போட்டேன். பதினெட்டு நிமிடம். போன் வந்ததும் சூட்டில் அணைந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை கணவர் அதன் அடிப்பக்கத்தைக் கழற்றி, உள்ளே விசிறியில் கம்பளிபோல் படிந்திருந்த நூல் பிசிறை எடுத்துக் காட்டினார். "உன் துணிப் பிசிறுதான் அடைச்சிருக்கு. காத்து போக வழி இல்லேன்னா எதுதான் தாங்கும்?" என்றார். அதன் பிறகு எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நூல் தீர்ந்த நான்கு கோன்களை மூலைக்கு ஒன்றாக அடியில் கொடுத்து உயர்த்த வேண்டும், துணிமேல் வைக்கவே கூடாது, காற்றுத் துளைகளைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும், மேசை விசிறியைப் பக்கவாட்டில் ஓடவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். என் முதுகுவலிக்குக்கூட அவர் இவ்வளவு பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒரு லாட்ஜுக்கு டர்க்கி டவல் ஓரம் அடிக்கும் வேலையை நானாகத் தேடிப் பிடித்தேன். டவலில்தான் பிசிறு அதிகம். லேப்டாப் பக்கமாக உதறி உதறித் தைத்தேன், பிரஷ்ஷைத் தொடவில்லை. மாதத்தில் மூன்று நான்கு முறை அணைந்தது, அத்தனை முறையும் தெருமுனைக்குப் போனேன். வேண்டுமென்றே செய்தேன், அதை மறைக்கவில்லை.

போன மாதம் கணவர் பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. மறுநாள் மினி லாரி வரவழைத்து என் மிஷினைத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "இனிமே பிசிறு வராது. லேப்டாப்புக்கும் நல்லது, உனக்கும் நல்லது" என்றார். பதினாறு வயதிலிருந்து நான் மிதித்த மிஷின் அது. அது இருந்த இடத்தில் தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது.

அதன் பிறகு என் அண்ணன் ஒருநாள் வந்து, கேமரா முன்னாலேயே, "மிஷின் எங்கம்மா? இது வீடா, லாக்கப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கணவருக்கு அவர்மேல் கோபம் அதிலிருந்துதான். அண்ணன் அதற்கு மேல் வரவுமில்லை, நான் போனதும் அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்து, கோன்களைச் சரியாகக் கொடுத்து, விசிறியைத் திருப்பி வைத்து, சார்ஜர் வயரையும் இழுத்துப் பார்த்தேன். அணைத்துவிட்டுப் போனால் நடந்ததை அவர் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒன்பதரை மணிக்குக் கத்தரிக்கோலும் டேப்பும் இரண்டு செட் துணியும் இருந்த பையைக் கேமராவுக்குத் திறந்து காட்டி, "நானாத்தான் போறேன், யாரும் கூப்பிடல" என்று சொல்லிவிட்டு, கதவை நானே திறந்து வெளியேறிப் பஸ் ஏறி, கூடப் படித்த தோழி வீட்டுக்குப் போனேன்.

அன்று எட்டு மணிக்கே சூட்டில் லேப்டாப் அணைந்துவிட்டதாகவும் எந்தப் பதிவும் இல்லை என்றும் கணவர் சொல்லியிருப்பதாக இப்போது தெரிவிக்கப்பட்டது. அணையவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று அதிகாரி அம்மா கேட்டார். "அது எப்படி அணையும், எப்படி அணையாதுன்னு ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டதே நான்தான் மேடம்" என்றேன். வீட்டிலிருந்து எடுத்து வந்து இந்த மேசைமேல் வைத்திருக்கும் லேப்டாப்பை என் அண்ணன் முன்னிலையில் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளது அனைத்தும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதில்லை. எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. தலைப்பில் 'காணாமல் போனவர்' என்று இருந்ததை 'வீட்டை விட்டு வந்தவர்' என்று என் சொற்படி அடித்துத் திருத்திய பிறகு, திருத்திய இடத்திலும் இங்கேயும் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)