சுவாமியார் வீட்டுக் கணினி

அன்று எங்கள் பேசாலை வீட்டின் முன்னறையில் மூன்று பேர் இருந்தோம்: தோமஸ் ஆகிய நான், என் மனைவி அருள்நாயகி, உப்புக்குளத்திலிருந்து கணினி திருத்த வந்த சனூன். கணினியில் பழுது எதுவும் இருக்கவில்லை.

எங்கள் ஒரே மகன் டிலோஜன் கலியாணமில்லாத துறவுச் சுவாமியாராவதற்குக் குருமடத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஊர் எங்கள் வீட்டைச் சுவாமியார் வீடு என்றுதான் சொல்லும். மேற்படிப்புக்கு உரோமாபுரி போனவன், படிப்பை விட்டுவிட்டு அங்கேயே ஒருத்தியைக் கலியாணம் செய்தான். ஊருக்கு நான் அதைச் சொல்லவில்லை. இன்னும் படிக்கிறான் என்றே சொல்லிவந்தேன். ஆனால் மாலையில் செபமாலை முடிந்ததும் அவன் கணினியில் அழைப்பான். அருள்நாயகி திரையில் பேரனைப் பார்த்துச் சத்தமாகக் கொஞ்சுவாள். அந்த அறையின் யன்னல் தெருப்பக்கம் இருக்கிறது.

தடுத்திருந்தால் அழுதிருப்பாள். அழுகையும் தெருவுக்குக் கேட்கும். அதனால் அமைதியான வழியைத் தேர்ந்தேன்.

அவள் தேத்தண்ணீர் ஊற்றப் போனதும், அழைப்பு வருகிற அந்த மென்பொருளை நீக்கும்படி சனூனிடம் சொன்னேன்.

"சும்மா நீக்கினா மிச்சம் கிடக்கும் அங்கிள். பேர், படம் எல்லாம் உள்ளுக்க ஒளிச்சிருக்கும். அதையும் தேடி அழிக்கவோ?"

"ஓம். ஒண்டும் மிஞ்சக்கூடாது."

கொஞ்ச நேரத்தில் அவன் கை நின்றது. "ஒரு சின்னப் பிள்ளையின்ர படம் கிடக்குது. ரெண்டு பல்லு முளைச்சிருக்கு."

"அதையும்."

அருள்நாயகி தேத்தண்ணீருடன் வந்தாள். "தம்பி, மகன்ர முகம் கொஞ்சம் இருட்டாத் தெரியுது. வெளிச்சமாக்கி விடும் ராசா. சின்னவன் என்னைக் கண்டா மூக்கைச் சுளிக்கிறான், கள்ளன். வடிவாப் பாக்கவேணும்."

சனூன் என்னைப் பார்த்தான்.

"அதுக்குத்தான் வந்தவர்," என்றேன்.

அவளுக்கென்று தொலைபேசி இல்லை. என்னுடையதில் மகனின் இலக்கத்தை நானே மறித்துவிட்டேன்.

அன்று மாலையும் நல்ல சேலை உடுத்தி, முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். மறுநாளும் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை ஏன் எடுக்கேல்ல?"

"மறந்திருப்பான்."

அதை நான் ஒரு முறைதான் சொன்னேன். பிறகு அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். சாப்பாடு குறைந்தது. ஆவணியில் வரும் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு முன், அதே கதிரையில், முகம் திரையைப் பார்த்தபடி போய்விட்டாள்.

அடக்கம் முடிந்தபின் சனூனை வரவழைத்து, மென்பொருளை அவள் பெயரிலேயே திரும்ப ஏற்றச் சொன்னேன். தாயின் மரணத்தை மகனுக்கு அறிவிப்பது தகப்பனின் கடமை. கடமையில் நான் தவறியதில்லை. அந்த மாலையே கணினி ஒலித்தது. திரையில் டிலோஜன், மடியில் பிள்ளை.

"அம்மா, எங்கயம்மா போனீங்கள் இவ்வளவு நாளும்?"

என் முகத்தைக் காணுமுன்பே கேட்டுவிட்டான். எழுந்து யன்னலைச் சாத்திவிட்டு, முறையாக அறிவித்தேன்.

சுவாமியாருக்குப் படிக்கப் போனவன் பெற்றவளை மறந்துவிட்டான் என்று அயல்வீட்டு அம்புறோஸ் சொல்லித் திரிகிறார். அது பிழை. அவன் மாலைதோறும் அழைத்துக்கொண்டுதான் இருந்தான். பெற்றவளை மறக்கிற பிள்ளை எங்கள் குடும்பத்தில் பிறந்ததில்லை.