கரடியின் பின்னங்கால்கள்

நான் நீட்டிப் பேசினால் அடிப்பதற்கென்றே கையில் மணியோடு அமர்ந்து, இந்த ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் பங்குத்தந்தை சேவியர்ராஜ் அடிகளார் அவர்களே! அழைத்ததும் மறுக்காமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ராணியம்மாள் அவர்களே! கரும்பு வெட்டை ஒருநாள் நிறுத்திவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்து, பாதியில் எழுந்து ஓடவிருக்கும் தாய்மார்களே! கச்சிராயபாளையம் மாதர் சங்கத்தின் சார்பில், ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் படித்து, மிச்சத்தை மாவு கட்டிவந்த தாள்களிலும் வேதாகமத்திலும் படித்த இந்தச் சாலம்மாளின் பணிவான வணக்கம்.

மூன்றாம் வரிசை ஓரத்தில், நடைபாதையில் ஒரு பெரிய பை இருக்கிறதே, அது யாருடையது? குழந்தைகள் தடுக்கி விழுவார்கள். சற்று உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள். நன்றி.

அன்பு நெஞ்சங்களே! எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘சங்கத்தின் ஓராண்டுப் பணிகள்’. அந்த அறிக்கையை அச்சடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டோம். ஆகவே சென்ற சனிக்கிழமை சங்கத்துப் பெண்கள் பதினோரு பேர் சேலத்துக்குப் போய் ஒரு நாடகம் பார்த்தோமே, அதை மட்டும் பேசுகிறேன். ஏன் அதை? இந்த எட்டு நாட்களாகக் குழாயடியில் அதைப் பற்றியே பேச்சு. பதினோரு பேர் போனோம். பதினோரு கதை திரும்பி வந்தது. யாருக்கும் பரிந்து பேச நான் இங்கே ஏறவில்லை. யாரையும் பழித்துப் பேசவும் ஏறவில்லை. எங்கே போனாலும் போன நேரம், வந்த நேரம், எத்தனை பேர், என்ன நடந்தது என்று நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். எழுதியதைச் சொல்கிறேன். எழுதாததைச் சொல்ல மாட்டேன்.

‘கம்பளிக் கரடி’ என்ற பொம்மைப் படத்தை அறியாத வீடு இந்த ஊரில் உண்டா? சோறு ஊட்ட அந்தப் படம். தலை சீவ அந்தப் படம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுக்க அந்தப் படம். மலையில் வழி தவறிய மஞ்சள் சட்டைச் சிறுமி ஒருத்தி. குகையை இழந்த கரடி ஒன்று. அந்தச் சிறுமியைக் கரடி தன் முதுகில் ஏற்றிக்கொண்டு மலை தாண்டி அவளுடைய வீட்டில் விடுகிறது. அவ்வளவுதான் கதை. பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே நான் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். அந்தப் படத்தைத்தான் பாட்டும் ஆட்டமுமாக மேடை நாடகம் ஆக்கி, ஒரு சென்னைக் குழு சேலத்துக்குக் கொண்டுவந்திருந்தது.

அந்தக் குழுவில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இஞ்ஞாசியம்மாளின் மகள் அனிட்டா. கல்லூரி முடித்துவிட்டு, ஒன்றரை வருடமாக அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போகிறவள். இப்போது மண்டபத்தின் பின்னால் உங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். திரும்பிப் பார்க்காதீர்கள், தேநீர் சிந்திவிடும்.

தகப்பன் இல்லாத பெண். தாய்க்குக் கவலை இருக்காதா? இஞ்ஞாசியம்மாள் மகளிடம் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்கள்: “நேர்ல வந்து பாக்கறேன். மேடையில உம்மூஞ்சி தெரிஞ்சா, நீ அங்க இருக்கலாம். தெரியலன்னா பையை எடுத்துக்கினு வூட்டுக்கு வந்துடணும்.” அனிட்டாவும் சரி என்றாள். “பெரிய வேஷம்மா” என்று மட்டும் சொன்னாள். என்ன வேஷம் என்று தாய் கேட்கவில்லை. மறுநாளே தெருவெங்கும் “எம்பொண்ணுதான் கதாநாயகி” என்றார்கள். தாய் அல்லவா!

சேலத்து அரங்கத்தை எப்படிச் சொல்வேன்! மார்கழிக் காலைபோல் குளிர். எங்கள் பதினோரு பேரையும் சேர்த்து அமரவைத்தார்கள். பதினொன்று முப்பத்தைந்துக்குத் திரை விலகியது.

படத்தில் ஆறு, ஆறாகவே ஓடியது. மேடையிலோ ஆறு என்பது நீளமான நீலத்துணி. இரு பக்கமும் இருவர் பிடித்து அசைத்தார்கள். படத்தில் மலை, மலையாகவே நின்றது. மேடையில் மலை என்பது மரப்படிக்கட்டு. படத்தில் கரடியின் ஒவ்வொரு மயிரும் காற்றில் ஆடியது. மேடையில் கரடி என்பது பிரம்பும் சாக்கும் கம்பளி நூலும். எல்லாம் பொய் என்று கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தும், அந்த நீலத்துணியைக் கரடி தாண்டியபோது, குஞ்சம்மாள் அக்கா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்களே, ஏன்? நனைந்துவிடும் என்றுதானே! யார் சிரிப்பது? அக்கா, உண்மைதானே? தலையாட்டுகிறார்கள். பதிந்துகொள்ளுங்கள்.

அப்போது மஞ்சள் சட்டைச் சிறுமி பாடிக்கொண்டு வந்தாள். முகம் நிறைய வண்ணப்பூச்சு. கழுத்தை நீட்டிப் பார்த்த எங்கள் வரிசையில் ஒரே பேச்சு.

“அனிட்டா! மூக்கைப் பாரு, அப்படியே அவங்கப்பா மூக்கு.”

“நெறம் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுதே?”

“லைட்டுடீ! லைட்டுல எல்லாரும் செவப்புதான்.”

நானும் அனிட்டா என்றே நோட்டில் எழுதினேன். பிறகு அடித்தேன். அடித்த கோடு இன்னும் இருக்கிறது.

பெரியோர்களே, இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போட்டாலும் சரி, கூத்து நடந்தாலும் சரி, நன்றாக ஆடுகிறவருக்கு ஆட்டத்தின் நடுவிலேயே மேடையேறித் துண்டு போர்த்துவோமா இல்லையா? ஆட்டம் நிற்கும். இன்னார் இன்னாருக்குப் போர்த்தினார் என்று மைக்கில் சொல்வார்கள். போர்த்தப்பட்டவர் கும்பிடுவார். பிறகு விட்ட இடத்தில் ஆட்டம் தொடங்கும். மன்னனும் நிற்பான், சிப்பாயும் நிற்பான். இது நமக்கு மரியாதை. இதைத் தவறென்று நமக்கு யார் சொன்னார்கள்? எப்போது சொன்னார்கள்?

கரடி குளிர்காலத் தூக்கத்தில் கிடக்க, அதன் பக்கத்தில் சிறுமி அழுது பாடும் இடம். அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். இஞ்ஞாசியம்மாள் எழுந்தார்கள். மடியில் இருந்த சிவப்புச் சால்வையை உதறினார்கள். நடுவழியில் நடந்தார்கள். பக்கத்துப் படியில் ஏறினார்கள். சிறுமியின் தோளில் போர்த்திவிட்டு, அறிவிக்க அங்கே ஆள் இல்லாததால், தாமே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்கள்: “கச்சிராயபாளையம் இஞ்ஞாசியம்மாள், தம்மகளுக்கு!”

பாட்டு நின்றது. வாத்தியம் நின்றது. காவலாளி ஓடிவந்தார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். அந்தச் சிறுமி, அவள் பெயர் சந்தியா என்பது பிறகு தெரிந்தது, சால்வையைத் தள்ளவில்லை. நாம் கும்பிடுவதைப் போலவே கும்பிட்டாள். குனிந்து காதில் ஏதோ சொன்னாள். இஞ்ஞாசியம்மாள் கரடியை ஒருமுறை பார்த்தார்கள். கரடி அசையவில்லை. அது தூங்க வேண்டிய இடமாயிற்றே! இறங்கி வந்து இருக்கையில் அமர்ந்தார்கள்.

“அது எம்பொண்ணு இல்ல.”

“பின்ன?”

“கரடியோட பின்னங்காலாம்.”

எங்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்: “முன்னங்காலு கூட குடுக்கலியா?” யார் குரல் என்று நோட்டில் இருக்கிறது, மைக்கில் சொல்ல மாட்டேன்.

கேலி செய்யலாம், தாய்மார்களே. நானும் உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

கடைசிக் காட்சி. கரடி மலையேற வேண்டும். சிறுமியை முதுகில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சந்தியா தோளில் இருந்த சால்வையை எடுத்தாள். கரடியின் முதுகில், பின்பக்கமாக, இரண்டு கையாலும் விரித்தாள். படத்தில் இல்லாத காரியம். நாடகத்திலும் இல்லாத காரியம் என்று பிறகு சொன்னார்கள். விரித்த சால்வையின் மேல் ஏறி அமர்ந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கரடிக்குள் இருவர். முன்னால் இருப்பவர் நிமிர்ந்து நிற்கிறார். பின்னால் இருப்பவள் இடுப்பை மடித்துக் குனிந்திருக்கிறாள். சிறுமி அமர்ந்திருப்பது அந்தக் குனிந்த முதுகின் மேல்.

கரடி ஏறியது. ஒரு படி. இரண்டு படி. மூன்றாம் படியில் பின்னங்கால் தயங்கி, பிறகு பதிந்தது. அரங்கத்துக் குழந்தைகள் எல்லாம் படத்தின் பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். சிறுமியைப் பார்த்துப் பாடினார்கள். கரடியின் முகத்தைப் பார்த்துப் பாடினார்கள். இஞ்ஞாசியம்மாள் ஒருவர்தான் கரடியின் பின்னங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு படிகள்.

நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் போனோம். கரடியின் பின்பக்கம் பிரிந்து, அனிட்டா வெளியே வந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் வியர்வை. நிமிர்வதற்கே சற்று நேரம் ஆயிற்று.

“உள்ள பாக்கறதுக்கு ஓட்ட இருக்கா?” என்று கேட்டார்கள் தாய்.

“முன்னால இருக்கறவருக்கு இருக்கும்மா. எனக்கு இல்ல.”

“அப்ப எப்புட்றீ அவ்ளோ படி ஏறின?”

“எண்ணிக்கினே ஏறுவேன். பதினேழு.”

பிறகு மகளே சொன்னாள்: “என் மூஞ்சி தெரியலம்மா. பேசின பேச்சு பேச்சுதான்.” பையை எடுத்துக்கொண்டு எங்களோடு அதே பஸ்ஸில் ஏறினாள். சேலத்திலிருந்து சின்னசேலம் வரை தாய் பேசவில்லை. சின்னசேலத்திலிருந்து நம் ஊர் வரை மகள் பேசவில்லை.

எட்டு நாள் ஆகிவிட்டது. ஏமாற்றிவிட்டாள் மகள் என்கிறது ஒரு கூட்டம். மானத்தை வாங்கிவிட்டாள் தாய் என்கிறது மறு கூட்டம். சென்ற புதன்கிழமை இஞ்ஞாசியம்மாள் என் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரக்கூட இல்லை.

“சாலா, நீ நோட்டுல எழுதினியே, அதப் படி.”

படித்தேன். பதினோரு பேர். பதினொன்று முப்பத்தைந்து. சால்வை. எல்லாம் படித்தேன். “படி பதினேழு” என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

“நீ கண்ணால பாத்து எண்ணினியா?”

“ஆமாங்க்கா.”

“அவளும் பதினேழுன்னாளே.”

“ஆமாங்க்கா.”

“பாக்காமலே.”

போய்விட்டார்கள். வீட்டு வாசலைத் தாண்டித் திரும்பி, “ஞாயித்துக்கெழம மேடையில இதையே பேசு. ஒண்ணும் சேக்காத, ஒண்ணும் கொறைக்காத” என்றார்கள். ஆகவே பேசுகிறேன். அவர்கள் கேட்டதால்தான் பேசுகிறேன்.

சேர்க்காதே என்று சொன்னதை மீறி ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன், மன்னிக்க வேண்டும். ஆண்டுதோறும் மே மாதம் மாதாவின் சப்பரம் இந்தத் தெருக்களில் வருகிறதே! முழங்காலிட்டு வணங்குகிறோமே! நான்கு பக்கமும் பூத்தொங்கல் தரையைத் தொடும். உள்ளே சுமக்கிறவர்கள் வெளியே தெரியமாட்டார்கள். சுமக்கும் கொம்புகளில் பின்பக்கத்து இடது கொம்பை, தாம் கண்மூடும்வரை பதினெட்டு ஆண்டு தோளில் தாங்கியவர் யார்? அனிட்டாவின் தகப்பனார் அமல் அல்லவா! பூத்தொங்கலை விலக்கி, “உள்ளே யார்? முகத்தைக் காட்டு” என்று ஒரு நாளாவது நாம் கேட்டோமா? கேட்டிருந்தால் சப்பரம் நகர்ந்திருக்குமா? சுமக்கிறவர்கள் எல்லாரும் முகத்தைக் காட்ட வெளியே வந்துவிட்டால், மாதா எதன்மேல் வருவாள்? முகம் தெரிய நிற்பவள் ஆடியதும் ஆட்டம்தான். முகம் தெரியாமல் குனிந்தவள் ஆடியதும் ஆட்டம்தான். ஆனால் அன்றைக்கு மலையேறியது யார் என்று என்னைக் கேட்டால், நோட்டைப் பார்த்துச் சொல்வேன்: ஏறியவை அந்தப் பின்னங்கால்கள்!

கைதட்டியதற்கு நன்றி. போதும், அடிகளார் மணியைத் தொடுகிறார்.

இனி மிச்சம் இருப்பது நேரம் மட்டும். அந்தக் குழு இன்று வரை சேலத்தில் இருக்கிறது. நாளைக் காலை மதுரைக்குக் கிளம்புகிறது. இன்று இரவுக்குள் அனிட்டா போய்ச் சேராவிட்டால், பின்னங்காலுக்கு வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்கள். நம் நிறுத்தத்திலிருந்து சின்னசேலத்துக்கு டவுன் பஸ் நாலே காலுக்கு. அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. இப்போது மணி மூன்று ஐம்பத்தெட்டு. முடிவு தாயுடையது. ஊருடையது அல்ல, சங்கத்துடையது அல்ல, என்னுடையதும் அல்ல. நான் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். ஆகவே, இவ்வளவு நேரம் பொறுமையோடு செவி கொடுத்த சான்றோர்களே, நான் விடைபெறுமுன் இன்னும் ஒரு சில கருத்துகளை மட்டும்...

என்ன? மூன்றாம் வரிசையில் யாரோ எழுந்து நிற்கிறார்கள். இஞ்ஞாசியம்மாள் அக்கா! என்னங்க்கா? மைக்குக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள்.

கேட்டீர்களா, மக்களே? பின்னால் இருப்பவர்களுக்காக நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன், ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் குறைக்காமல்: “நாலே காலு பஸ்ஸுக்குத்தான் அவ பையத் தூக்கியாந்து காலாண்ட வெச்சிருக்கேன், நீ இன்னாடி இன்னும் பேசிக்கினே இருக்க!”

அந்தப் பை! நான் தள்ளிவைக்கச் சொன்னேனே, அந்தப் பை! மேலே மடித்து வைத்திருப்பது சிவப்புச் சால்வை.

அனிட்டா, தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வை. நடைபாதையில் இருப்பவர்கள் காலை மடக்குங்கள், வழி விடுங்கள். அவை நிறைந்த பெரியோர்க்கும், வழிவிட்ட தாய்மார்க்கும், அடிக்காமல் விட்ட அடிகளாரின் மணிக்கும் நன்றி. என் உரை முடிந்தது. வணக்கம். ஓடு பிள்ளை, மூன்று ஐம்பத்தொன்பது!