மடியில் ஒரு ரேடியேட்டர்

தெரணியகலை பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தகப்பன் சின்ன ரேடியேட்டரை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் மகள்.

"எந்த வேனுக்கு மாமா?" என்றார் கண்டக்டர்.

"மக செஞ்ச கம்ப்யூட்டருக்கு. தண்ணி ஓடித்தான் அது சூடு ஆறுது. பழைய ரேடியேட்டர் பத்தாம, பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கையிலேயே நின்னு போகுது."

"கம்ப்யூட்டரு என்ன, மலை ஏறுதா?"

மகள் சிரித்தாள். "மொதல்ல அப்பா லொறி ரேடியேட்டரையே தூக்கிட்டு வந்தாரு. இது ஜப்பான் வேன் ஹீட்டர்ல உள்ளது. நம்ம ஊர்ல யாரு ஹீட்டர் போடுறா? கராஜ்ல கழட்டிப் போட்டிருந்தாங்க."

"நாளைக்கு வகுப்புல நிக்காதே?" என்று கேட்டார் கண்டக்டர்.

"நிக்காது," என்றார் தகப்பன், அவள் வாய் திறக்குமுன்.

அவர்கள் இறங்கும் இடம் வந்ததும் கண்டக்டர் டிரைவருக்குச் சிங்களம் கலந்து குரல் கொடுத்தார்:

"ஹிமீட்ட, மெதுவா நிப்பாட்டுங்க! இன்ஜினியரம்மா இறங்குறாங்க."